பெரிய வீல் மாட்டுகிறவர்கள் முதலில் ஷாக்கைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தைப் பல வருடமாகத் தவறாமல் படிக்கிறவன் நான். ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய வீல் மாட்டுவது பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில் வீல், டயர் பற்றிச் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங், ஷாக் ஏற்பாட்டை, கடைசிப் பத்தியில் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். வீல் மாட்டியபின் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் தெரியும் இடைவெளியை மூட, வண்டியை இறக்கும் ஸ்பிரிங் போடுங்கள், டயர் உரசாமல் இருக்க அது நல்ல கெட்டியாக இருக்கட்டும் என்று. அந்த இரண்டு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே வரிசையில்தான் நானும் செய்தேன், அது தலைகீழ் என்று புரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு இன்னொருவரும் அப்படியே செய்துவிடக் கூடாது.

என்னுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார், எடை ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும். கம்பெனியிலிருந்து வந்தபோது 16 அங்குல வீல், அதில் 195/50 டயர். நான் மாட்டியது 18 அங்குல அலாய் வீல், அதில் 215/35 டயர். பார்க்க அழகாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. மறுவாரமே 30 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் வாங்கி, கம்பெனி ஷாக்கை (ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்கும் ஷாக் அப்சார்பரை) அப்படியே வைத்துக்கொண்டு மாட்டச் சொன்னேன். நல்ல சாலையில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி சட்டென்று திரும்பியது, சாய்வு குறைந்த மாதிரி இருந்தது, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள், எனக்கு நன்றாகப் பழகிய ஒரு வளைவு, அதன் நடுவில் சாலையைத் தோண்டி மூடிய ஒட்டு ஒன்று குறுக்கே போகும். எப்போதும் போகிற வேகம்தான். அந்த ஒட்டின்மேல் ஏறியதும் முன்பக்கம் டம் என்று ஒரு இடி, அடுத்த கணம் வண்டியின் மூக்கு ஒரு முழம் வெளியே நழுவிப் போய், அதன்பிறகுதான் டயர் மறுபடி பிடித்தது. நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், ஒரு சிறிய கேபிள் டையை முன் ஷாக்கின் பளபளப்பான தண்டில் சுற்றி, வழுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஷாக்கின் உடம்பைத் தொடும்வரை கீழே தள்ளிவைத்ததுதான். ஷாக் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அந்த டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். பத்து நிமிடம் சாதாரணமாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், டை பம்ப் ஸ்டாப்பின் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது வண்டி ஸ்பிரிங்கின்மேல் ஓடவில்லை, தண்டின் உச்சியில் இருக்கும் அந்த ரப்பர் கட்டையின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ஷாக்கின் உடம்புக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் மிச்சம் இருந்தது 8 மில்லிமீட்டர். ஒரு பென்சில் தடிமனுக்கு மேல் கொஞ்சம். கம்பெனி ஸ்பிரிங்கில் அது 38 இருந்திருக்கிறது. இறக்கிய 30 மில்லிமீட்டரும் அதிலிருந்துதான் போயிருக்கிறது, வேறெங்கிருந்து போகும்?

வளைவில் என்ன நடந்தது என்பது அப்புறம் தெளிவாகிவிட்டது. திரும்பும்போது வெளிப்பக்கம் சாய்வதால் அந்தப் பக்கத்து ஷாக் எப்படியும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அமுங்கும். என் வண்டியில் அந்த அமுக்கத்திலேயே பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டது. அதன்மேல் சாலை ஒட்டும் வந்ததும் அமுங்க இடமில்லை, முன் வெளிப்பக்க டயரின்மேல் திடீரென்று பாரம் ஏறியது, டயர் பிடியை விட்டது. சாய்வு குறைந்த மாதிரி இருந்ததே, அதுவும் ஸ்பிரிங்கின் வேலை இல்லை. ரப்பர் கட்டை முட்டுக் கொடுத்த வேலை. இதைச் சொன்னதும் ஒரு பட்டறையில், பம்ப் ஸ்டாப்பைப் பாதியாக வெட்டிவிடலாம், இடம் கிடைத்துவிடும் என்றார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்தக் கட்டை அங்கே இருப்பது ஷாக்கின் உள்ளே இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்கவும், டயர் மட்கார்டின் குழியில் போய் இடிக்காமல் இருக்கவும்தான். வெட்டினால் அந்தப் பாதுகாப்புதான் போகும்.

சரி, இதற்கும் பெரிய வீலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், சம்பந்தம் முழுக்க டயரில்தான் இருக்கிறது. டயரும் ஒரு ஸ்பிரிங்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் எவ்வளவு ரப்பர் உயரம் இருக்கிறது என்று கணக்குப் போட டயரின் மேலேயே எண் எழுதியிருக்கிறது. 195/50 என்றால் 195 மி.மீ. அகலத்தில் 50 சதவீதம், அதாவது 97.5 மி.மீ. 215/35 என்றால் 215-ல் 35 சதவீதம், 75 மி.மீ. சொச்சம். மொத்த விட்டம் 601-லிருந்து 608 மி.மீ. ஆனது, ஒரு சதவீதம்தான் வித்தியாசம், ஸ்பீடாமீட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கச்சுவரில் 22 மி.மீ. காணாமல் போய்விட்டது. அதோடு முடியவில்லை. இரண்டு டயரின் சுமைக் குறியீடும் 84தான், அதாவது ஒரு டயருக்கு 500 கிலோ. ஆனால் உயரம் குறைந்த டயர் அந்த 500 கிலோவைத் தாங்க வேண்டுமானால் அது எக்ஸ்.எல். எனப்படும் பலப்படுத்திய வகையாக இருக்க வேண்டும், காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும். முன்பு 29 பி.எஸ்.ஐ. வைத்த இடத்தில் இப்போது 33 வைக்கிறேன். ரப்பர் உயரமும் குறைந்து காற்றும் ஏறினால், டயர் என்கிற அந்த ஸ்பிரிங் இரண்டு வழியிலும் கெட்டியாகிறது. சிறு கல், சாலை ஒட்டு, மேன்ஹோல் மூடியின் விளிம்பு, இதையெல்லாம் முன்பு சஸ்பென்ஷனுக்குத் தெரியாமலேயே டயர் விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது அப்படியே மேலே வந்து ஸ்பிரிங்கின் தலையிலும் ஷாக்கின் தலையிலும் விழுகிறது. சஸ்பென்ஷனுக்கு வேலை கூடியிருக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் நாம் அது ஏறி இறங்கும் இடத்தை 30 மி.மீ. பிடுங்குகிறோம், ஸ்பிரிங்கையும் கெட்டியாக்குகிறோம். கட்டுரையின் வரிசை தலைகீழ் என்று நான் சொல்வது இதனால்தான். வீல் பெரிதானால் சஸ்பென்ஷனுக்கு அமுங்க இடம் கூடுதலாக வேண்டும், குறைவாக அல்ல. ஷாக் இன்னும் நுணுக்கமாக வேலை செய்ய வேண்டும். ஸ்பிரிங் அதற்கு அடுத்தது. உயரம் கடைசியில்.

கார் கம்பெனிகளே 20, 21 அங்குலம் போட்டு விற்கிறார்களே என்று உடனே கேட்பார்கள். உண்மைதான், போர்ஷே 911-ன் 992 தலைமுறையில் கரேரா எஸ் காருக்கு முன்னால் 20, பின்னால் 21 அங்குல வீல். ஆனால் அதன் டயர் அளவைப் பாருங்கள். முன்னால் 245/35, பின்னால் 305/30. பக்கச்சுவர் உயரம் முன்னால் ஏறக்குறைய 86 மி.மீ., பின்னால் 91 மி.மீ. பின் டயரின் மொத்த விட்டம் 716 மி.மீ. வீல் வளர்ந்தபோது டயரும், மட்கார்டின் குழியும், சஸ்பென்ஷனும் கூடவே வளர்ந்திருக்கின்றன (1964-ல் உற்பத்திக்கு வந்த முதல் 911-ல் இருந்தது 15 அங்குல வீல்). என் 18 அங்குல டயரில் இருப்பதைவிட அந்த 21 அங்குல டயரில் ரப்பர் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம். நாம் படத்தில் பார்த்து ஆசைப்படுவது வீல் எவ்வளவு நிறைத்துக்கொண்டு தெரிகிறது என்பதை மட்டும்தான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, சிறிய காருக்கு அதன் அளவில்தான் வீல் வளர முடியும்.

இன்னொன்று எடை. எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, முதலில் நான் மட்டும் ஏறி, பிறகு வீலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறிக் கழித்துப் பார்த்தேன். பழைய 16 அங்குல வீலும் டயரும் சேர்ந்து 15.5 கிலோ, புதிய 18 அங்குலம் 20 கிலோ. ஒரு மூலைக்கு 4.5 கிலோ கூடுதல். இது பெட்டியில் வைத்த 4.5 கிலோ மாதிரி இல்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை, சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஏறி இறங்குகிற எடை. வண்டியின் உடம்பு வினாடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு முறை மெதுவாக ஆடும். வீல் தன் போக்கில் விட்டால் வினாடிக்குப் பத்திலிருந்து பதினைந்து முறை துள்ளும். இரண்டு ஆட்டத்தையும் அடக்க வேண்டியது ஒரே ஷாக்தான். கனமான வீல் ஒரு மேட்டில் ஏறித் துள்ளினால் அதைத் திரும்ப சாலையில் உட்கார வைக்க அதிக பலம் வேண்டும், கெட்டியான ஸ்பிரிங் மேலே இருந்தால் அது வண்டியைத் தூக்கியடிப்பதைத் தடுக்கவும் அதிக பலம் வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இங்கே ஷாக்குக்கு அப்படியே பொருந்தும். கம்பெனி ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை, நானும் யோசிக்கவில்லை. ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையை 40 சதவீதம் கூட்டினால், முன்பிருந்த அதே கட்டுப்பாடு கிடைக்கவே ஷாக்கின் பலம் 18 சதவீதம் கூட வேண்டும், அதுவும் குறிப்பாக விரியும் திசையில். அது இல்லாவிட்டால் வண்டி மேட்டைத் தாண்டியபிறகும் இரண்டு மூன்று முறை தூக்கித் தூக்கிப் போடும். என் வண்டி அப்படித்தான் போட்டது. நான் அதை ஸ்போர்ட்டி என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வண்டியின் உடம்பு ஒரு வினாடிக்கு எத்தனை முறை இயல்பாக ஆடுகிறது என்பதை வைத்துச் சொல்வார்கள். குடும்பக் கார்கள் பொதுவாக 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ், சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் 1.5 முதல் 2, பந்தயத் தடத்துக்கென்றே தயார் செய்தவை அதற்கும் மேலே. என் வண்டியில் ஒரு மூலையில் ஸ்பிரிங் சுமக்கும் எடை சுமார் 215 கிலோ. 1.6 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் சக்கரத்தில் அளந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 2.2 கிலோ கெட்டித்தன்மை இருக்க வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சக்கரத்தில் 2.2 என்பது ஸ்பிரிங்கில் 2.2 இல்லை. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் நடுவில் எங்கேயோ ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தால், சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ.தான் அமுங்கும், ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையை அந்த 0.7-ஆல் இரண்டு முறை பெருக்க வேண்டும், சக்கரத்துக்கு வந்து சேர்வது ஏறக்குறைய பாதி. அந்த வண்டிக்கு 4.5 கிலோ ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சக்கரத்தின் பக்கத்தில் நிற்கும் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டியில் ஸ்பிரிங் கிட்டத்தட்ட சக்கரத்தோடேயே நகர்வதால் 2.5 போதும். ஆக, நண்பர் தன் வண்டிக்கு 5 கிலோ ஸ்பிரிங் போட்டு நன்றாக இருக்கிறது என்றார் என்று நீங்களும் 5 போட்டால், வண்டி வேறாக இருக்கும் பட்சத்தில் அது இரண்டு மடங்கு கெட்டியாகப் போய் முடியலாம்.

இனி எதை வாங்குவது. ஒரே அளவு கூட்டி, 16-லிருந்து 17 போகிறவர்களுக்கு என் யோசனை, ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், உயரத்தையும் தொடாதீர்கள், கம்பெனி ஸ்பிரிங்குக்கென்றே செய்த நல்ல தரமான ஷாக்கை மட்டும் மாட்டுங்கள். பில்ஸ்டீன், கோனி போன்றவர்கள் பல கார்களுக்கு இப்படித் தனி ஷாக் செய்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேலே வீல் போகிறதென்றால் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே கம்பெனி ஒன்றாக வைத்துச் சோதித்து விற்கும் செட்டாக வாங்குங்கள். அது உங்கள் காரின் பெயருக்கு மட்டுமல்ல, உங்கள் காரின் எடைக்கும் சொன்னதா என்று கேளுங்கள். ஒரே பெயரில் வரும் காரில் என்ஜினை வைத்து முன்பக்க எடை மாறும்.

காயில்ஓவர் என்று உயரம் மாற்றக்கூடிய வகை ஒன்று இருக்கிறது, எல்லோரும் விரும்புவது அதைத்தான். அதில் இரண்டு விதம். ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை மரையில் சுற்றி ஏற்றி இறக்குவார்கள், வண்டியை இறக்க இறக்க அமுங்கும் இடமும் குறையும், என் 8 மில்லிமீட்டர் கதை அங்கேயும் நடக்கும். இன்னொன்றில் ஷாக்கின் அடிப்பகுதி தனியாகச் சுற்றும், ஷாக்கின் மொத்த நீளமே குறையும், அமுங்கும் இடம் அப்படியே இருக்கும். பெரிய வீலோடு கொஞ்சம் இறக்கவும் வேண்டும் என்கிறவர்கள் இரண்டாவது வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அதிலும் ஒரு எச்சரிக்கை, பம்ப் ஸ்டாப் முட்டுவதற்கு முன்னால் டயர் போய் எங்கேயாவது முட்டக்கூடாது, அதைத் தனியாகப் பார்த்தாக வேண்டும். ஷாக்கின் மேல் இருபது முப்பது க்ளிக் திருகு இருக்கிறது என்பதற்காக மயங்காதீர்கள். உள்ளே வால்வு சரியாக இல்லாவிட்டால் எத்தனை க்ளிக் திருகினாலும் தப்பான ஓர் அளவிலிருந்து தப்பான இன்னோர் அளவுக்குத்தான் போவீர்கள். அதேபோல எலக்ட்ரானிக் ஷாக் உள்ள வண்டிகள். 2002-ல் காடிலாக் செவில் காரில் முதலில் வந்த காந்தத் திரவ ஷாக் போன்றவை இப்போது பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இருக்கின்றன. அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் போட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், அதை அடக்கத் தனியாக ஒரு மாட்யூல் வேண்டும். என்னைக் கேட்டால் நல்ல நிலையில் இருக்கும் எலக்ட்ரானிக் ஷாக்கைக் கழற்றவே கழற்றாதீர்கள். கனமான வீலைச் சமாளிக்க அதைவிட நல்ல ஏற்பாடு சாலைக்குக் கிடைப்பது அரிது.

இறக்குவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இறக்கினால் சாய்வு குறையும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியில் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம், கம்பெனி உயரத்தில் சக்கரத்தை நோக்கிச் சற்றே கீழே சரிந்திருக்கும். வண்டியை இறக்கினால் அது படுக்கையாகி, இன்னும் இறக்கினால் சக்கரப்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால் அதே ஸ்பிரிங்கில் வண்டி முன்பைவிட அதிகம் சாய முயலும். சாயும்போது டயரை நிமிர்த்திப் பிடிக்கும் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துபோகும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால் மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங் தானாகக் கையைப் பிடுங்கும். இதற்கென்று, ஆர்மின் முனையைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டை நீளமாகச் செய்து விற்கிறார்கள், அது வேலையும் செய்யும். ஆனால் 15 மி.மீ.க்குள் நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் அது தேவைப்படாது. ரேஸ் கார்கள் தரையைத் தொட்டுக்கொண்டு போகின்றனவே என்று சொல்வார்கள். அவற்றின் ஆர்ம் பொருத்தும் புள்ளிகளையே அந்த உயரத்துக்கு மாற்றியிருப்பார்கள், காற்றழுத்தம் வேறு வண்டியைக் கீழே அமுக்கும், அது ஓடும் தடத்தில் சாலை ஒட்டும் மேன்ஹோலும் இல்லை. சாலைக்கு உதாரணம் வேண்டுமானால் 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸைப் பாருங்கள். முன்னால் 15, பின்னால் 16 அங்குல வீல், எடை 725 கிலோ சொச்சம், ஸ்பிரிங் அப்படியொன்றும் கெட்டி இல்லை, வளைவில் அதைப் பிடிக்க முடியாது. 2017-ன் அல்பீன் ஏ110 காரில் ஸ்பிரிங்கை மென்மையாக விட்டுவிட்டு, பம்ப் ஸ்டாப்பையே ஹைட்ராலிக்காகச் செய்திருக்கிறார்கள், கடைசியில் முட்டும்போதும் மெத்தென்று முட்ட வேண்டும் என்பதற்காக. கெட்டித்தனம் வேறு, கட்டுப்பாடு வேறு.

டயர் உரசுமா என்ற கேள்விக்குக் கெட்டி ஸ்பிரிங் பதில் இல்லை, ஆஃப்செட்தான் பதில். வீல் வண்டியில் பொருந்தும் முகம், வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட், அது குறைந்தால் வீல் வெளியே தள்ளும். என் பழைய வீல் 6.5 அங்குல அகலம், ஆஃப்செட் 45. புதியது 7.5 அங்குலம், ஆஃப்செட் 35. அகலம் ஓர் அங்குலம் கூடியதில் இரு பக்கமும் 12.7 மி.மீ., ஆஃப்செட் 10 குறைந்ததால் வெளிப்பக்கம் இன்னும் 10. ஆக வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வந்தது, உள்பக்கம் 2.7 மி.மீ.தான் உள்ளே போனது. ஆஃப்செட் 45-லேயே இருந்திருந்தால் இரு பக்கமும் சமமாக 12.7. அந்த வித்தியாசம் மட்கார்டில் உரசுவதற்கும் உரசாமல் இருப்பதற்குமான வித்தியாசம். வீல் வெளியே தள்ள வீல் பேரிங்கின் சுமையும் கூடும், பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கவும் வழியாகும். உரசுகிறதா என்று பார்க்க ஒரே நம்பகமான வழி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் மட்டும் மாட்டி, வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, அந்த ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் முட்டும்வரை மேலே தூக்குவது. தூக்கிய நிலையிலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிவரை, அந்தக் கடைசிவரை திருப்புங்கள். மட்கார்டின் உள்விளிம்பில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை விரல் தடிமனுக்கு ஒட்டிவைத்தால், டயர் எவ்வளவு அருகில் வருகிறது என்பது அதில் பதிந்துவிடும். நான் ஒட்டிய களிமண் ஒரு மூலையில் 4 மி.மீ. தடிமனுக்கு நசுங்கியிருந்தது, அந்தப் பக்கம் மட்டும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் லைனரைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

மாட்டும்போது ஒரு விஷயம், இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. லோயர் ஆர்மின் உள்முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது. வண்டியைத் தூக்கி, வீல் தொங்கும் நிலையிலேயே அந்த போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கிய கணத்திலிருந்து அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டேதான் இருக்கும். சில மாதத்தில் கிழியும், அதுவரை முறுக்கிய ரப்பரே ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். போல்ட்டை விரலிறுக்கமாக மட்டும் விட்டு, வண்டியின் பாரம் முழுக்கச் சக்கரத்தில் வந்தபிறகு, அந்த உயரத்தில் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். என் வண்டியின் முதல் புஷ் ஜோடி இதனால்தான் கிழிந்தது. உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாறினால் அந்தக் கணக்கு மாறிவிடும். வீலின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதி வையுங்கள். எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஓட்டியபின், ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார்ந்ததும், அலைன்மென்ட் பாருங்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைக் குறை சொல்வார்கள், பெரும்பாலும் காரணம் டோதான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு.

இப்போது என் வண்டியில் அதே 18 அங்குல வீல்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வந்த செட், முன்பு போட்டதைவிட மென்மையான ஸ்பிரிங், உயரம் 15 மி.மீ. மட்டும் குறைவு, ஷாக்கின் உடம்பே நீளம் குறைந்தது என்பதால் வண்டி நிற்கும்போது பம்ப் ஸ்டாப்புக்கு 36 மி.மீ. இருக்கிறது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும். அதே வளைவு, அதே சாலை ஒட்டு. இப்போது அதன்மேல் ஏறினால் ஒரு தட்டு கேட்கிறது, ஸ்டீயரிங்கில் லேசாகத் தெரிகிறது, வண்டி தன் கோட்டை விட்டு விலகுவதில்லை. சாலை நன்றாக இல்லாத இடத்தில் குலுக்கல் இன்னும் இருக்கத்தான் செய்கிறது, பக்கச்சுவரில் போன 22 மில்லிமீட்டரை எந்த ஷாக்காலும் முழுதாகத் திருப்பித் தர முடியவில்லை. இன்று புதிதாக வாங்குவதென்றால் எடை குறைந்த 17 அங்குல வீலோடு நிறுத்தியிருப்பேன்.

உங்கள் வாகனப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அலாய் வீல் பற்றி எழுதும்போது படத்தோடு அதன் எடை, ஆஃப்செட், டயரின் சுமைக் குறியீடு மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். சஸ்பென்ஷன் செட் பற்றி எழுதும்போது எவ்வளவு இறங்கும் என்று போடுகிற இடத்தில், இறக்கியபின் பம்ப் ஸ்டாப்புக்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும் என்பதையும் விற்பவர்களிடம் கேட்டுப் போடுங்கள். அந்த எண் அவர்களிடம் இல்லையென்றால், இல்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்